கார் கறுப்பு பிளாஸ்டிக்கில் படிந்த வெக்ஸ் கறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் ஞாயிற்றுக்கிழமை காலை வந்து பார்த்தால் நாலைந்து கார், நாலைந்து வாளி, பொலிஷ், வெக்ஸ் (காரில் பூசும் மெழுகு) டின்னோடு நாலைந்து பேர். வேலை முடிகிற நேரம் ஒருவராவது என்னைக் கூப்பிட்டு, மட்கார்ட் ஓரத்தில் இருக்கும் வெள்ளைத் திட்டைக் காட்டி இதுக்கு என்ன செய்யிறது என்று கேட்பார். அலுவலகத்தில் கூட வேலை செய்கிறவர்கள், தெஹிவளையில் இருக்கும் சித்தப்பா, மச்சானின் கூட்டாளிகள் என்று எல்லாரும் கிட்டத்தட்ட அதையேதான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வட்ஸ்அப்பில் தனித்தனியாக எழுதுவதைவிட ஒரே இடத்தில் போட்டுவிடலாம் என்று தொகுத்தேன். கேள்விகள் அவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன, பதில்கள் நான் செய்து பார்த்ததிலிருந்து வந்தவை.

பெயின்ட்டில் போட்ட வெக்ஸ் துடைத்ததும் போகுது, இந்தக் கறுப்பு பிளாஸ்டிக்கில் மட்டும் ஏன் வெள்ளையாக நிற்குது?

பெயின்ட்டின் மேல் இருக்கும் கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சு கண்ணாடி மாதிரி வழவழப்பானது, வெக்ஸ் அதன் மேல் படிந்து காய்ந்தாலும் துணி போகிற இடமெல்லாம் கூடவே வந்துவிடும். பம்பரின் கீழ்ப்பகுதி, மட்கார்ட் ஓரம், சைட் மிரரின் அடி, வைப்பருக்குக் கீழே இருக்கும் கிரில் எல்லாம் அப்படியில்லை. அவை பெயின்ட் அடிக்காத பிளாஸ்டிக். பெரும்பாலும் பொலிப்புரொப்பிலீனோடு கொஞ்சம் இறப்பர் கலந்து வார்த்தது. வெயிலில் கண் கூசாமல் இருக்கவும் சின்னக் கீறல் தெரியாமல் இருக்கவும் மாட்டுத்தோல் மாதிரி ஒரு சொரசொரப்பை அச்சிலேயே வைத்துத்தான் வார்க்கிறார்கள்.

வெக்ஸ் அந்தச் சின்னக் குழிகளுக்குள் இறங்குகிறது. அதில் இருக்கும் கரைப்பான் ஆவியாகிப் போனதும் மெழுகு குழிக்குள்ளேயே காய்ந்து நின்றுவிடும். நீங்கள் துணியால் எவ்வளவு அழுத்தித் துடைத்தாலும் துணி மேட்டைத்தான் தொடும், குழியைத் தொடாது. பொலிஷும் வெக்ஸும் கலந்து வருகிற சாமானில் அலுமினியம் ஒக்சைட் மாதிரி மிக நுண்ணிய தேய்ப்புத் தூளும் இருக்கும், காய்ந்தால் அது சுண்ணாம்பு மாதிரி. வெறும் வெக்ஸைவிட அதுதான் அதிகமாகக் கண்ணில் அடிக்கும்.

ஆகவே இந்த வேலை முழுக்க ஒரே விஷயம்தான்: குழிக்குள் இருப்பதை இளக்கி, மேலே கொண்டுவந்து, எடுத்துவிட வேண்டும். தேய்ப்பதில் ஒன்றும் இல்லை.

இது வெக்ஸா, பிளாஸ்டிக் வெளுத்துப் போனதா, எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இதை முதலில் பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் வீணாகப் பாடுபடுவீர்கள். அந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தண்ணீர் குண்டு குண்டாகத் திரண்டு நின்றால் அடியில் மெழுகோ சிலிக்கோனோ இருக்கிறது. பரவிப் படிந்து, இடம் முழுக்க ஒரே மாதிரிக் கறுத்தால் அது பெரும்பாலும் வெயிலில் வெளுத்த பிளாஸ்டிக். நனைந்திருக்கும்போது இரண்டுமே கறுப்பாகத்தான் தெரியும் என்பதால் நிறத்தைப் பார்க்காமல் தண்ணீர் எப்படி நிற்கிறது என்பதைப் பாருங்கள்.

கறை எங்கே இருக்கிறது என்பதும் சொல்லிவிடும். வெக்ஸ் கறை பெயின்ட் முடிகிற ஓரத்தை ஒட்டி, கை போன திசையில், கோடாகவோ அரைவட்டமாகவோ இருக்கும். வெளுப்பு அப்படி இராது, வெயில் படுகிற மேல்பக்கம் முழுக்கப் பரவியிருக்கும், நிழலில் இருக்கும் கீழ்ப்பக்கம் கறுப்பாகவே இருக்கும்.

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். இடையில் எல்லாரும் இருந்த காரையே வைத்து ஓடியதால், பத்து வருடம் தாண்டிய வேகன் ஆரிலும் விட்ஸிலும் இரண்டு பிரச்சினையும் ஒன்றாக இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அப்படியென்றால் முதலில் வெக்ஸை எடுத்துவிட்டுத்தான் வெளுப்பைப் பற்றி யோசிக்க வேண்டும்.

சரி, வீட்டில் இருக்கிற சாமானை வைத்து முதலில் என்ன செய்யலாம்?

வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான பழைய பல் துலக்கும் பிரஷ். பத்தில் ஏழெட்டுக் கறை இதிலேயே போய்விடும், அதனால் வேறெதையும் வாங்க முதல் இதைச் செய்யுங்கள். ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி திரவம் போதும். கை வைத்துப் பொறுக்கிற சூடு இருக்க வேண்டும், ஆறிப்போன தண்ணீரில் மெழுகு இளகாது, இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

காரை நிழலுக்கு எடுத்து, முதலில் வெறும் தண்ணீரால் மண்ணைக் கழுவிவிடுங்கள். அப்புறம் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியை அந்த இடத்தில் ஒட்டி வைத்து இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள், மெழுகு இளக நேரம் வேண்டும். பிறகு பிரஷை அழுத்தாமல், நுனி மட்டும் படுகிற மாதிரி, சின்ன வட்டமாகச் சுற்றுங்கள். ஒரு உள்ளங்கை அளவு இடம் முடிந்ததும் நுரையைப் பாருங்கள். வெள்ளை நுரை கொஞ்சம் பால் கலந்த தேத்தண்ணி மாதிரிக் கலங்கி வந்தால் உள்ளே இருந்தது மேலே வந்துவிட்டது என்று அர்த்தம். அதை உடனே ஈரத் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். காயவிட்டால் அது திரும்பவும் அதே குழிக்குள்தான் போய் உட்காரும்.

ஒரு முறையில் போகவில்லையென்றால் இரண்டு முறை, மூன்று முறை. நல்ல தண்ணீரால் கழுவி, முழுசாகக் காய்ந்த பிறகுதான் போய்விட்டதா இல்லையா என்று பார்க்க வேண்டும்.

பிரஷ் போட்டால் பிளாஸ்டிக் கீறாதா?

மென்மையான பிரஷ், ஈரம், மண் கழுவிய இடம் என்ற மூன்றும் இருந்தால் கீறாது. உடுப்புத் தோய்க்கும் கரடான பிரஷும் கம்பி பிரஷும் வேண்டாம். பிரஷ் நழுவி பெயின்ட்டில் படக்கூடும் என்பதால் பக்கத்துப் பெயின்ட்டில் ஒரு வரி மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கிற சாதாரண டேப்தான்.

பாத்திரம் கழுவுகிறதைப் போட்டால் பெயின்ட்டில் இருக்கிற வெக்ஸும் போய்விடாதா?

அது பட்ட இடத்தில் கொஞ்சம் போகும்தான். அதனால்தான் முழுக் காரையும் அதில் கழுவச் சொல்லவில்லை, கறை இருக்கிற இடத்துக்கு மட்டும் சொன்னேன். மேலே சொன்ன டேப் இதற்கும் உதவும். வேலை முடிந்ததும் ஓரத்துப் பெயின்ட்டில் விரல் நுனி அளவு வெக்ஸ் திரும்பப் போட்டுவிட்டால் சரி.

பிள்ளையின் அழிறப்பரால் தேய்த்தால் போகும் என்று சொன்னார்கள், உண்மையா அண்ணா?

உண்மை, சின்னக் கறைக்கு எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். பென்சில் அழிக்கும் வெள்ளை அழிறப்பர், புதியது, மென்மையானது. காய்ந்த பிளாஸ்டிக்கில், காய்ந்த கறையில், ஒரே திசையில் மெதுவாகத் தேய்க்க வேண்டும். தேய்க்கும்போது வருகிற சூட்டில் மெழுகு கொஞ்சம் இளகும், அழிறப்பர் குழிக்குள் அமுங்கி அதைத் தன்னோடு சுருட்டிக்கொண்டு வரும். சாம்பல் நிறத் துருவல் விழும், அதைப் பிரஷால் தட்டிவிடுங்கள். கலர் அழிறப்பரும் பேனை அழிக்கும் சொரசொரப்பான நீலப்பக்கமும் வேண்டாம்.

ஒரு விஷயம், அழிறப்பரை டேஷ்போர்டில் மறந்து வைத்துவிடாதீர்கள். கொம்பாஸ் பெட்டிக்குள் அழிறப்பர் பிளாஸ்டிக் அடிமட்டத்தோடு ஒட்டிக்கொண்டு கிடந்ததைப் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் பார்த்திருப்போம். அழிறப்பரை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்த் தன்மையான பொருள் சில பிளாஸ்டிக்குக்குள் இறங்குவதால்தான் அப்படி ஆகிறது, பூட்டிய காரின் வெக்கையில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

பீனட் பட்டர் பூசச் சொல்கிறார்களே, அது வேலை செய்யுமா?

செய்யும். கச்சான் எண்ணெய் மெழுகை இளக்கும், அரைத்த கச்சான் துகள் மெல்லத் தேய்க்கும். ஆனால் அந்த எண்ணெயையும் துகளையும் குழிக்குள்ளிருந்து எடுக்கத் திரும்பச் சோப்புத் தண்ணீர்தான் போட வேண்டியிருக்கிறது. கொழும்பு வெக்கையில் மிச்சம் இருப்பது நாறும், எறும்பும் வரும், வீட்டில் கச்சான் ஒவ்வாமை இருக்கிற பிள்ளை இருந்தால் நினைத்தும் பார்க்காதீர்கள். எப்படியும் சோப்புத்தான் முடிவு என்றால் சோப்பிலேயே தொடங்கிவிடலாமே.

தேங்காய் எண்ணெய் தடவினால் கறுத்துப் புதுசு மாதிரி ஆகிவிடுகிறது. அது போதாதா?

தண்ணீர் பட்டால் கறை மறைகிற மாதிரித்தான் எண்ணெயிலும் மறைகிறது, கறை உள்ளேயே இருக்கிறது. தேங்காய் எண்ணெய் காய்ந்து இறுகும் எண்ணெயும் இல்லை, ஆகவே காலி வீதிப் புழுதி முழுக்க அதில் ஒட்டிக்கொள்ளும், ஒரு மழை வந்தால் கோடு கோடாக வடிந்து பெயின்ட்டில் இறங்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கும். கொழும்பில் அது தெரியாது, நுவரெலியாவுக்கு ஒரு பயணம் போய் இரவு காரை வெளியில் விட்டுப் பாருங்கள், காலையில் பம்பரில் தடவியது வெள்ளைப் படலமாக நிற்கும். சித்தப்பா அதைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் வெக்ஸ் கறை வந்துவிட்டது என்று எனக்குப் படம் எடுத்து அனுப்பினார். நல்லெண்ணெய், பேபி ஒயில் எதைத் தடவினாலும் கறை உள்ளேதான் இருக்கும், புழுதியும் ஒட்டத்தான் செய்யும்.

சோப்புக்கும் அழிறப்பருக்கும் அசையவில்லை. ஸ்பிரிட் போடலாமா?

போடலாம், அடுத்த படி அதுதான். பாமசியில் கிடைக்கிற ஐசோபுரொப்பைல் அல்கஹோல், 70 வீதம் என்று போட்டிருப்பது. அதோடு அதே அளவு தண்ணீர் கலந்து முதலில் முயற்சி செய்யுங்கள், போகவில்லையென்றால் மட்டும் கலக்காமல் பாவியுங்கள். பிளாஸ்டிக்கில் நேரே ஊற்றாமல் மைக்ரோபைபர் துணியில் நனைத்து, கறையில் அரை நிமிடம் அழுத்தி வைத்து, பிரஷால் கிளறி, துணியின் சுத்தமான பக்கத்தால் ஒற்றி எடுங்கள். கடைசியில் தண்ணீரால் துடைத்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில், பம்பரின் அடியில் எங்காவது, முதலில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பது நல்லது.

ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும். பிளட்டுகளின் கீழே இருக்கும் அடைத்த பார்க்கிங்கில் வைத்துச் செய்யாதீர்கள், காற்றோட்டமான இடத்தில், சிகரெட்டும் நெருப்பும் இல்லாமல், இயந்திரம் ஆறிய பிறகு செய்யுங்கள்.

பெற்றோல், தின்னர், மண்ணெண்ணெய், இந்த மூன்றில் எது நல்லது?

மூன்றும் வேண்டாம். தின்னரைப் பற்றி நான் பட்டுத்தான் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு சைட் மிரரின் அடியில் இருந்த கறைக்குப் பஞ்சில் தின்னர் நனைத்து வைத்தேன். கறை ஒரே இழுப்பில் போனது, ஆனால் கையை எடுத்தபோது பஞ்சின் நார்கள் பிளாஸ்டிக்கில் ஒட்டி நின்றன, மேற்பரப்பு பிசுபிசுவென்று இளகியிருந்தது. காய்ந்ததும் அந்த இடத்தில் மட்டும் சொரசொரப்பு அழிந்து பெரிய பொட்டு அளவில் வழவழப்பாகப் பளபளத்தது. அதைத் திருப்பிச் சரிசெய்ய வழியே இல்லை. பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கி அந்தத் துண்டைத் தேடி மாற்றினேன். மிரர் அடி போன்ற சில துண்டுகள் ஏபிஎஸ் வகைப் பிளாஸ்டிக், தின்னரும் அசிட்டோனும் அதைக் கரைத்துவிடும். பெயின்ட்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் அதே கதைதான்.

பெற்றோல் மெழுகைக் கரைக்கும், ஆனால் அதன் ஆவி தீப்பிடிக்கிற வேகத்துக்கு ஒரு வெள்ளைக் கறை பெறுமதியே இல்லை. மண்ணெண்ணெய் அவ்வளவு வேகமாக எரியாது, ஆனால் எண்ணெய்ப்படலம் ஒன்றை விட்டுப்போகும், அதில் புழுதி பிடிக்கும், மணமும் நாட்கணக்கில் போகாது.

அப்படியென்றால் டபிள்யூடி-40?

கிட்டத்தட்ட மண்ணெண்ணெய்க்குச் சொன்னதுதான். மெழுகை இளக்கும், எண்ணெயை விட்டுப்போகும். வேறு ஒன்றும் கையில் இல்லையென்றால் துணியில் அடித்துத் துடைத்து, உடனே சோப்புத் தண்ணீரால் கழுவிவிடுங்கள். கழுவாமல் விட்டால் இரண்டு மூன்று நாள் கறுப்பாக இருந்து ஏமாற்றிவிட்டுக் கறை திரும்பத் தெரியும்.

ஹெயர் டிரையர் பிடித்தால் உருகிவிடாதா? யூடியூப்பில் ஹீட் கன் வைத்துக் காட்டுகிறார்களே.

ஹெயர் டிரையர் சரி. கார் வெக்ஸில் நல்லதென்று போடுகிற கார்னோபா, பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து எடுப்பது. தனியாக இருந்தால் அது உருக 82 முதல் 86 பாகை வரை வேண்டும். டின்னில் வருவது கரைப்பானும் மென்மையான மெழுகுகளும் கலந்தது என்பதால் அவ்வளவு சூடு இல்லாமலே இளகும். ஒரு சாண் தூரத்தில் ஹெயர் டிரையரைப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் அசைத்து, பிளாஸ்டிக் தொடும் சூட்டில் இருக்கும்போதே துணியால் ஒற்றி எடுங்கள். தடித்துப் போய்க் கட்டியாக நிற்கும் வெக்ஸுக்கு இது நன்றாகவே உதவும், மிச்சத்தைச் சோப்பு எடுக்கும்.

ஹீட் கன் வேறு சாமான். அது பல நூறு பாகை வரை போகும். அந்த வீடியோக்களில் காட்டுவது வெளுத்த பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே லேசாக உருக்கிக் கறுப்பாக்குவது, கறை எடுப்பது இல்லை. வெக்ஸ் உள்ளே இருக்க அதைச் செய்தால் கறையையும் சேர்த்துச் சுட்டு வைப்பீர்கள், கை கொஞ்சம் தாமதித்தால் பம்பர் நெளியும். பழக்கம் இல்லாதவர்கள் தொட வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

கழுவும்போது போய்விடுகிறது, காய்ந்ததும் பேய் மாதிரித் திரும்ப வருகிறது. என்ன செய்கிறது?

அதிகமாக வருகிற கேள்வி இதுதான். நனைந்த பிளாஸ்டிக்கில் எல்லாமே கறுப்பாகத் தெரியும் என்று இரண்டாவது பதிலில் சொன்னேனே, அதுதான் இங்கேயும். ஒன்று, இளகி வந்ததை ஒற்றி எடுக்காமல் தண்ணீரோடு பரப்பிவிட்டிருப்பீர்கள். இல்லாவிட்டால் சோப்பே சரியாகக் கழுவுப்படாமல் காய்ந்து வெள்ளையாக நிற்கும், பிளட்டின் ஐந்தாம் மாடியிலிருந்து இரண்டு வாளித் தண்ணீர் இறக்கிக் கழுவுகிறவர்களுக்கு இது நடப்பது இயல்பு. நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு முறை துடைத்துப் பாருங்கள். அப்போதும் வந்தால் தண்ணீர்ச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். தண்ணீர் இப்போது குண்டாக நிற்காமல் பரவினால் வெக்ஸ் போய்விட்டது, நீங்கள் பார்ப்பது வெளுப்பு. அதை எவ்வளவு தேய்த்தாலும் போகாது, தேய்ப்பதை நிறுத்துங்கள்.

துடைக்கத் துடைக்கத் துணியில் கறுப்பு நிறம் வருது. பிளாஸ்டிக் கரைகிறதா?

சோப்புத் தண்ணீர் மட்டும் பாவித்திருந்தால் பயப்பட வேண்டாம். முந்தைய உரிமையாளரோ, கார் விற்ற இடத்திலோ கறுப்புச் சாயம் கலந்த டிரெஸ்ஸிங் (பிளாஸ்டிக்குக்குப் போடும் பூச்சு) ஒன்றைப் பூசியிருப்பார்கள், அது கழன்று வருகிறது. அல்லது வெயிலில் சிதைந்த மேல்படலம் தூளாக வருகிறது. இரண்டுமே வரத்தான் வேண்டும். தின்னர் பாவித்துக் கறுப்பு வந்தால் மட்டும் உடனே நிறுத்திக் கழுவுங்கள், காரணம் மேலே இருக்கிறது.

சமையலறைச் சுவர் துடைக்கிற வெள்ளை மேஜிக் ஸ்பொஞ்ச்?

மெலமைன் ஸ்பொஞ்ச் பார்க்க மென்மையாக இருந்தாலும் மிக நுண்ணிய மண்தாள் மாதிரித்தான் வேலை செய்கிறது. நன்றாக நனைத்து, அழுத்தாமல், சொரசொரப்பான பிளாஸ்டிக்கில் மட்டும், வேறு வழி இல்லாதபோது. பளபளக்கும் பிளாஸ்டிக்கிலும் பெயின்ட்டிலும் படவே கூடாது.

எழுத்துகளுக்கு இடையிலும் லோகோ இடுக்கிலும் நிற்பதை எப்படி எடுப்பது?

ஈர்க்கு. ஒரு விளக்குமாற்றிலிருந்து நல்ல ஈர்க்காக ஒன்றை உருவி, நுனியில் மெல்லிய துணியைச் சுற்றி, சோப்புத் தண்ணீரில் தோய்த்து இடுக்கில் விட்டு இழுங்கள். ஈர்க்கு வளைந்து கொடுக்கும் என்பதால் கீறாது, ஊசியும் பேனாக்கத்தியும் கீறும். என் விட்ஸின் பின்கதவு எழுத்துகளைச் சுற்றி நின்ற வெள்ளை முழுவதையும் இப்படித்தான் எடுத்தேன். அரை மணித்தியாலம் போனது, ஆனால் அத்தனை நாள் அழுக்காகத் தெரிந்த கதவு அன்றைக்குத்தான் சுத்தமாகத் தெரிந்தது.

கண்ணாடி ஓரத்து இறப்பர் பீடிங்கிலும் வெள்ளை இருக்கு. அதுக்கும் இதேதானா?

சோப்புத் தண்ணீர், பிரஷ், அவ்வளவுதான். பெற்றோல் வகை எதுவும் இறப்பரை ஊதவைத்துத் தளர்த்தும், அப்புறம் மழைத் தண்ணீர் கதவுக்குள் இறங்கும். ஸ்பிரிட்டும் அடிக்கடி பட்டால் இறப்பர் உலர்ந்துவிடும்.

ஹெட்லைட், கதவுத் தூணில் இருக்கிற பளபளப்பான கறுப்பு, உள்ளே டேஷ்போர்ட், இதிலெல்லாம் பட்டுவிட்டதே?

ஹெட்லைட்டின் மூடி பொலிகாபனேட். மேலே பாதுகாப்புப் பூச்சும் இருக்கும். வழவழப்பான பரப்பு என்பதால் சோப்புத் தண்ணீரில் நனைத்த மைக்ரோபைபரே போதும், தின்னரோ அசிட்டோனோ பட்டால் மயிர் மாதிரி வெடிப்பு விழும். பளபளப்பான கறுப்புத் துண்டுகளில் பிரஷே வேண்டாம், புதுத் துணியில் ஈரத்தோடு ஒரே திசையில் துடையுங்கள், அது பார்வை பட்டாலே கீறுகிற சாமான்.

டேஷ்போர்டுக்கு நேரே தண்ணீர் ஊற்ற முடியாது, பிழிந்த துணியும் அழிறப்பரும்தான்.

சேர்விஸ் ஸ்டேஷனில் போட்ட வெக்ஸ், இரண்டு வருடமாக அப்படியே இருக்கு. இனிப் போகுமா?

போகும், பொறுமை வேண்டும். இரண்டு வருட வெயிலில் அது நன்றாக இறுகியிருக்கும், நடுப்பகல் வெயிலில் கறுப்பு பிளாஸ்டிக்கைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். முதல் நாள் ஹெயர் டிரையரும் சோப்பும், இன்னொரு நாள் ஸ்பிரிட், மிச்சம் மீதிக்கு அழிறப்பர். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.

காரைக் கழுவக் கொடுக்கும்போது, கறுப்பு பிளாஸ்டிக்கில் வெக்ஸ் படாமல் போடுங்கள் என்று முதலே சொல்லிவிடுங்கள். அவசரத்தில் ஒரே துணியால் கார் முழுக்க இழுத்துவிடுகிறார்கள், பாதிக் கறை அப்படித்தான் வருகிறது. சொன்னால் கவனமாகச் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

என்னுடையது வெக்ஸ் இல்லை, செரமிக் கோட்டிங். பிளாஸ்டிக்கில் வழிந்து காய்ந்துவிட்டது.

இது வேறு வழக்கு. வெக்ஸ் சூட்டிலும் கரைப்பானிலும் இளகும், செரமிக் கோட்டிங் இறுகிவிட்டால் இளகாது, அது கண்ணாடிக்கு நெருங்கிய சேர்மம். பூசிச் சில நிமிடங்களுக்குள் என்றால் ஸ்பிரிட்டில் துடைத்தெடுக்கலாம். நாள் கடந்துவிட்டால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும், சொரசொரப்பான பிளாஸ்டிக்கில் தேய்த்தால் சொரசொரப்பும் சேர்ந்து போகும். பிளாஸ்டிக்குக்கென்றே வருகிற கோட்டிங்கை அந்தத் துண்டு முழுக்கப் போட்டு நிறத்தைச் சமன் செய்வது, இல்லையென்றால் துண்டை மாற்றுவது என்ற இரண்டு வழிதான் எனக்குத் தெரிந்து உண்டு.

மரைன் டிரைவ் பக்கம் நிறுத்துகிறேன். வெக்ஸே போடவில்லை, ஆனாலும் வெள்ளையாகிறது.

கடல் உப்பு. வெறும் தண்ணீரில் கரைந்துவிடும், காய்ந்த பிறகும் வராது. அதைத் துணியால் உலர்வாகத் துடைக்காதீர்கள், உப்பும் மணலும் சேர்ந்து பெயின்ட்டையும் கீறும். கிழமைக்கு ஒரு தடவை தண்ணீர் அடித்தால் போதும்.

எல்லாம் எடுத்தாச்சு. இனி என்ன பூசலாம்?

ஒன்றும் பூசாவிட்டாலும் குறை இல்லை. பூசுவதென்றால் பிளாஸ்டிக்குக்கென்று வருகிற, தண்ணீர் அடிப்படையில் ஆன டிரெஸ்ஸிங்கை ஒரு ஸ்பொஞ்சில் கொஞ்சமாக எடுத்துப் பூசி, பத்து நிமிடம் விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். புற ஊதாக்கதிரிலிருந்து பாதுகாப்பு என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்கினால் வெளுப்பு தள்ளிப்போகும். எண்ணெய் மாதிரிப் பளபளக்கும் சிலிக்கோன் வகை புழுதி பிடிக்கும். ஸ்டியரிங்கிலும் பெடலிலும் எந்த வகையும் படக்கூடாது, வழுக்கும்.

அடுத்த முறை வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

டேப். பெயின்ட்டும் பிளாஸ்டிக்கும் சேர்கிற ஓரமெல்லாம் பிளாஸ்டிக் பக்கமாக மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு வெக்ஸ் போடுங்கள், முழுக் காருக்கும் பதினைந்து நிமிடம் போகும். மட்கார்டைச் சுற்றிப் பெரிய கறுப்பு விளிம்பு வைத்த வெசல் மாதிரிக் கார்களுக்கு டேப் இல்லாமல் தொடங்கவே வேண்டாம். ஓரத்துக்கு வரும்போது கையில் இருக்கும் வெக்ஸைக் குறைத்து, விரலால் போடுங்கள். தவறிப் பட்டுவிட்டால் ஈரமாக இருக்கும்போதே ஈரத் துணியால் எடுத்துவிடுங்கள், அந்த ஒரு நிமிடத்தில் போவது காய்ந்த பிறகு ஒரு மணித்தியாலம் கேட்கும். பின்னேர மழைக் காலத்தில் காற்றில் ஈரம் கூடி வெக்ஸ் காய்வதற்கு நேரம் எடுக்கும், அதற்காகக் காரை வெயிலுக்குத் தள்ளாதீர்கள், நிழலிலேயே விடுங்கள்.

தம்பி, நாளைக்குக் காலையில் கார் பார்க்க ஆள் வருகிறார். இன்று பின்னேரம் மட்டும்தான் நேரம் இருக்கு, எதைச் செய்கிறது?

முன் பம்பரின் மேல் ஓரம், இரண்டு மிரர் அடி, வைப்பர் கிரில், இந்த மூன்று இடத்தை மட்டும் எடுங்கள் ஐயா, வாங்க வருகிறவர் முதலில் நின்று பார்க்கிற இடங்கள் அவை. சூடான சோப்புத் தண்ணீரில் இரண்டு சுற்று, மிச்சத்துக்கு அழிறப்பர். இரவு காய விடுங்கள், காலையில் போகாமல் ஏதாவது தெரிந்தால் தெரியட்டும். எண்ணெய் தடவி மறைக்க வேண்டாம், பழைய கார் பார்த்துப் பழகியவர் விரலை வைத்து இழுத்துப் பார்ப்பார், எண்ணெய் கையில் பட்டதும் பெயின்ட்டையும் இஞ்சினையும் கூடச் சந்தேகிக்கத் தொடங்குவார். ஓரத்தில் பழைய வெக்ஸ் கொஞ்சம் இருக்கு, சோப்பில் போகும் என்று நீங்களே காட்டிச் சொல்லிவிடுங்கள்.